சூரியன் மேல் பழி

உத்ஸ்யோக்கி. பின்லாந்தின் வடகோடி.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதியில்தான் திரும்பும்.
இல்வா பிறந்தது அதற்கு நடுவில்.
அதனால் எல்லோரிடமும் காரணம் தயாராக இருந்தது.

"இருட்டு அப்படித்தான் பண்ணும்" என்றாள் கடைக்கார மார்யத்தா,
வைட்டமின் புட்டியை என் பக்கம் தள்ளி.
"சூரியன் வரட்டும்" என்றான் ஓவ்லா,
பனி வாரும் வண்டியின் சாவியைத் தேடிக்கொண்டே.
நானும் நம்பினேன்.

பால் அவள் கேட்டால் வந்தது.
கண்ணீர் யாரும் கேட்காமலே.

தள்ளுவண்டியில் போர்த்திப் படுக்கவைத்து
பிள்ளையை வெளிக்குளிரில் தூங்கவிடுவது இங்கே வழக்கம்.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன்,
அடுத்த வீட்டார் விட்டுப்போன சாமானைப் பார்ப்பதுபோல்:
பத்திரமாக இருக்கிறது,
என்னுடையது இல்லை.

சொன்னால் அவளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.
போனால் தூங்கலாமே என்று
ஒரு நொடி தோன்றியதை
எந்த வாயால் சொல்ல?

ஒரு மதியம் ஊரே ஆற்றங்கரையில்.
பள்ளிப் பிள்ளைகள் தலையில் மஞ்சள் அட்டைக் கிரீடம்.
தெற்கு மேட்டின் விளிம்பில்
ஆரஞ்சுத் தோல் கீற்றுப்போல
வந்தது.
கைதட்டினார்கள். ஓவ்லா பிள்ளையைத் தூக்கிக் காட்டினான்.
எல்லா முகமும் செம்பாய் மின்ன
நான் என் பூட்ஸ் லேஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளிச்சம் வந்துவிட்டது.
இனி சாக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை, செவிலி கைசு
பத்துக் கேள்வித் தாளை நீட்டினாள்.
மூன்று வாரத்துக்கு முன்பும் இதை நிரப்பினேன்,
நல்ல மாணவியாக, எல்லாவற்றுக்கும் 'இல்லை'.
இந்த முறை பத்தாவதில் பேனா நகரவில்லை.

தராசைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல்,
"என் மூத்தவனை ஐந்து மாதம் நான் முத்தமிட்டதே இல்லை" என்றாள்.
"அதற்கு ஒரு பெயர் இருந்தது.
எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை."

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு.
வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.
நோயின் பெயர்.
இத்தனை நாள் அது என் குணம் என்றிருந்தேன்.

பேனா நகர்ந்தது.
கைசு தொலைபேசியை எடுத்தாள்.
வெளியே இல்வா அழ, "நீ உட்கார்" என்று
ஒரு கையில் ரிசீவரோடு அவளே போனாள்.

வண்டியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க,
வியாழக்கிழமை டாக்டர் சீட்டை
ஓவ்லா மேலும் கீழும் படித்தான்.
"அப்போ இருட்டு இல்லையா?"
இல்லை என்றேன்.
நெடுநேரம் கழித்து,
"வைட்டமினை மட்டும் நிறுத்திவிடாதே" என்றான்,
பாவம்.