நான்கு சக்கரத்துக்கான சிவப்பு

கேலிப்பருக்கு அடிக்க
சூடு தாங்கும் சிவப்புச் சாயம் ஒரு டின்,
நாற்பத்தெட்டு ரிங்கிட்.
நாலு சக்கரத்துக்கும் காணும் என்றான் கடைப்பையன்.
மைவியின் பின்சக்கரத்தில் கேலிப்பரே கிடையாது,
வெறும் டிரம்தான் என்பது
கழற்றிப் பார்த்த பிறகே தெரிந்தது.
ஒன்பது வருடமாக என் காடி.

பாயா தெருபோங்கில்
பதினேழாவது மாடி எங்கள் வீடு.
ஞாயிறு காலை, கீழே, தூணோரம்,
நட்டைத் தளர்த்தாமல் ஜாக்கியைத் தூக்கிவிட்டேன்.
ஸ்பேனரை வைத்துத் திருகினால்
சக்கரம் சேர்ந்து சுற்றுகிறது.
யாரும் பார்க்கவில்லை என்று இறக்கினேன்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தார்
மூன்றாவது மாடி ரோஸ்டி,
விரலில் தொங்கும் தே ஓ பொட்டலத்தோடு.

"சிவப்படிச்சா வேகமா ஓடுமா?"
"வேகமா நிக்கும்."
சொன்ன பதில் எனக்கே பிடித்திருந்தது.

கம்பித் தூரிகையால் தேய்த்தேன்.
துரு, பிரேக் தூள்,
எந்தத் தைப்பூசத்தில் தெறித்ததோ
தேங்காய் நாரின் ஒரு இழை.
டிஸ்கில் சாயம் படாமலிருக்க
பழைய நாளிதழைச் சுற்றி டேப் ஒட்டினேன்.
நினைவஞ்சலிப் பக்கம் அது.
பொட்டு வைத்த ஒரு முகம்
என்னைப் பார்த்தபடியே இருந்தது.
திருப்பி ஒட்டினேன்.

பல்துலக்கும் பிரஷை விட்டு
கேலிப்பரின் சந்துக்குள் அழுக்கை நோண்டும்போதுதான்
கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன்.
உள்பக்கத்து பேடு
பிஸ்கட் கனம் இருக்க வேண்டியது
சிகரெட் அட்டை கனம் இருந்தது.

மலர் மூன்று வாரமாகச் சொன்னாள்.
"எறக்கத்துல கீச்சுன்னு கத்துதுங்க."
மழை ஈரம் என்றேன்.
டயரில் கல் மாட்டியிருக்கும் என்றேன்.
ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல்
வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

நான் ஞாயிறுகளில் மட்டும் ஓட்டுகிறவன்.
விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
பனி மூடிய வளைவுகளில்
ரெலாவ் பக்கம் இறங்கி
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிறவள் அவள்.
முன்னால் மணல் லாரி.
பின்னிருக்கையில் அரைத் தூக்கத்தில்
யாழிசை, ஒரு கால் செருப்போடு.

பேடின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு உண்டு.
தேய்ந்து தேய்ந்து எல்லைக்கு வந்ததும்
டிஸ்கை உரசிக் கத்தும்.
பழுதல்ல அந்தச் சத்தம்.
கத்துவதற்கென்றே
வைத்து அனுப்பிய நாக்கு.

ரோஸ்டியின் மோட்டாரில்
ஆயர் ஈத்தாம் கடைக்குப் போனோம்.
பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து
பழைய பேடைக் காட்டினேன்.
கடைக்காரர் நகத்தால் ஒருமுறை சுரண்டினார்.
ஒன்றும் கேட்கவில்லை.
எண்பத்தைந்து ரிங்கிட்.
அதற்கு மட்டும் பேரம் பேசத் தோன்றவில்லை.

பிஸ்டனை உள்ளே தள்ளியது
ரோஸ்டியும் அவருடைய கிளாம்ப்பும்.
நான் நட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பிறகு, வாங்கிய பாவத்துக்கு,
இரண்டு கேலிப்பருக்கும் இரண்டு பூச்சு சிவப்பு.
இரண்டாவது பூச்சு காயுமுன்
மலையிலிருந்து மழை இறங்கியது.
இடது பக்கம் ஒரு சொட்டு
வழிந்த இடத்திலேயே உறைந்து நிற்கிறது.
பாதி டின் மிச்சம்,
செருப்பு அலமாரியின் அடியில்.

திங்கள் மாலை வந்தாள்.
சாவியை ஆணியில் மாட்டினாள்.
பிள்ளையின் சாக்ஸை உருவினாள்.
சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
சத்தம் எப்படி இருக்கு என்று
நானே கேட்டேன்.

"இல்ல" என்றாள்.
"மழை ஈரம் காஞ்சிருச்சு போல."

குளியலறைக்குப் போய்
நகக்கண்ணில் ஒட்டிய சாயத்தை
தின்னர் ஊற்றித் தேய்த்தேன்.
போகவில்லை.
அவள் வெளியிலிருந்து
விளக்கை அணைக்கச் சொன்னாள்.