இருபத்தொன்றரை

மல்லாவியில் கண்ணை அளக்கும் மெசின் இல்லை.
அதனால் எல்லோருக்கும் இருபத்தொன்றரை.
நெடியவன், கட்டையன், தச்சன், தபாற்காரன்,
ஒரே இலக்கம், ஒரே வில்லை.
அன்னலிங்கத்தாருக்கு அச்சொட்டாய்ப் பொருந்தியது.
பூரணலட்சுமிக்குப் பொருந்தவில்லை:
"கிட்ட எல்லாம் தெரியுது டொக்டர்,
தூரத்தில நிக்கிறது ஆற்றை மாடெண்டுதான் தெரியேல்லை."
தூரத்துக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன்.
கண்ணாடிக் கடை வவுனியாவில்.
அந்த மாதம் பாதை பூட்டு.

பாதை திறந்த மாதம்
வில்லைகள் வந்தன, பிஸ்கற் தகரத்தில்.
ஓமந்தையில் ஒருவன் ஒரு பெட்டியைக் கிழித்து
வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.
இதென்ன?
கண் என்றேன்.
சிரித்துவிட்டுத் தந்தான்.
விரல் பட்டதை ஆருக்கும் வைக்க முடியாது.
பட்டியலில் கடைசிப் பெயர் செபமாலை, வலைஞர்மடம்.
அடுத்த மாதம் வாங்கோ என்றேன்.
வந்தார்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.

திரேசா மிசி டோர்ச் பிடிப்பா.
புரையை எடுத்தபின் கண்ணுக்குள்
கொஞ்ச நேரம் ஒரு வெறும் பை.
வில்லையை உள்ளே விட்டால்
அதன் இரண்டு நீலக் கைகளும்
பதுங்குகுழிக்குள் இறங்குகிறவன் முழங்கை ஊன்றுவதுபோல்
பக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.
பிறகு அசையாது.

என் போசெப்ஸில் ஒரு பல் வளைந்திருந்தது.
புதியது கேட்டு எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய.
வைத்த ஒவ்வொரு வில்லையின் ஓரத்திலும்
நகம் பட்டதுபோல் ஒரு பிறை.
பார்வைக்குப் பாதகமில்லை.
என்னைத் தவிர ஆரும் அறியார்.

போன வைகாசி நீதிமன்றத்திலிருந்து கூப்பிட்டார்கள்.
மண்ணை அரித்தபோது கிடைத்ததாம்.
பொலித்தீன் உறைக்குள் ஒரு வில்லை,
ஒரு கை முறிந்து.
"இது உக்காதோ டொக்டர்?"
உக்காது.
"இலக்கம் ஏதும்?"
இலக்கம் பதிவேட்டில்.
"பதிவேடு?"
ஆனந்தபுரம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தனான்.

விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தேன்.
ஓரத்தில் பிறை.
நான் வைத்ததுதான் என்று கையெழுத்திட்டேன்.
ஆருக்கு என்ற கட்டத்தில்
எழுதுவினைஞரின் பேனை காத்து நின்றது.
இருபத்தொன்றரை, என்றேன்.
அவர் எழுதவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில்
ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்:
அது பூரணலட்சுமியாய் இருக்கக் கூடாது.
அவவுக்குத் தூரம் தெரியாது.