ஒற்றைக் கொலுசு

கடத்துபவை, கடத்தாதவை என்று
கரும்பலகையைக் கோடு போட்டு இரண்டாக்கினேன்.
வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டு வாருங்கள் என்று
நேற்றே சொல்லியிருந்தேன்.
சிவதாபுரத்தில் அப்படிச் சொல்லக் கூடாதென்று
யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.
ஆத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து
இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சாவி, மாங்கொட்டை, அறுந்த செருப்பு வார்.
தீர்த்தகிரியின் சட்டைப்பையில் ஓர் ஓணான், உயிரோடு.
சோதிக்க மறுத்துவிட்டேன்.
பட்டியலில் அதற்கு எதிரே
இன்றுவரை கேள்விக்குறிதான்.

இரண்டு செல், ஒரு டார்ச் பல்பு,
முனை சீவிய மூன்று துண்டு ஒயர்.
இரு முனைகளுக்கு நடுவே
விரல் அகல இடைவெளி.
பாடமே அந்த இடைவெளிதான்.
சாவி வைத்ததும் எரிந்தது.
பென்சில் வெளியே மறுத்தது,
உள்ளே ஒத்துக்கொண்டது.

கரண்ட் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு என்றேன்.
எலக்ட்ரான் மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு என்றும் சொன்னேன்.
'ரெண்டுல எது டீச்சர் நெசம்?'
அந்தக் காலத்தில் தப்பாக யூகித்துவிட்டார்கள்.
'தப்புன்னு தெரிஞ்ச பெறகும் ஏன் மாத்தல?'
அம்புக்குறியை
இன்னும் கொஞ்சம் அழுத்தி வரைந்தேன்.

அப்புறம் நிதர்சனா எழுந்து வந்து
ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தாள்.
ஒரு காலுக்கான கொலுசு.
பூந்திக்கொட்டைத் தண்ணீர் இன்னும் காணாதது,
ராத்திரி அவள் அம்மா ஊதி ஊதிப் பத்தவைத்தது.
கடைக்காரர் சரக்கு,
சாயங்காலம் எடை போட்டுத் திருப்பவேண்டும்.

உலோகங்களில் வெள்ளிக்குத்தான் முதல் ரேங்க் என்று
குரலை உயர்த்தி அறிவித்துவிட்டு
முனைகளை வைத்தேன்.

எரியவில்லை.

மறுபடி வைத்தேன்.
பின்பெஞ்சில் யாரோ, 'கலப்படமா?'
நாற்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று
ஏழாம் வகுப்புக்கே தெரிந்திருக்கிறது.
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.
அவள் காது மடல் சிவந்ததைப் பார்த்தபடி
செல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்,
குற்றம் செல்லின் மேல் விழட்டும் என்று.

'செம்பு கலந்திருந்தாலும் எரியணும்ல,'
ஓணான்காரன்தான்,
கரும்பலகையின் இடப்பக்கத்தைக் காட்டினான்.
'காப்பர் அந்தப் பக்கம்தான இருக்கு?'

ஆளுக்கொரு நுனி பிடித்து இழுத்தார்கள்.
தொய்ந்த கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.
பல்பு ஒருமுறை இமைத்து அணைந்தது.
சரி, ஒரு முனை இங்கேயே இருக்கட்டும்,
இன்னொன்றைக் கண்ணி கண்ணியாக நகர்த்து.
எரிகிறது. எரிகிறது. எரிகிறது.
முப்பத்தேழாவது வரை வகுப்பு எண்ணியது.
முப்பத்தெட்டில் இருட்டு.

அவளே குனிந்து பார்த்தாள்.
'வெங்காரம் டீச்சர்.'
பற்றவைக்கும்போது உருகி, கண்ணாடியாய் உறைந்து,
இரு கண்ணிகளுக்கு நடுவே
எள்ளில் பாதி.
'ஆசிட்ல போட்டா போயிடும். அம்மா இன்னும் போடல.'
காம்பஸ் முனையால் ஒரு நெம்பு.

எரிந்தது.
பகல் வெளிச்சத்தில் சரியாகக்கூடத் தெரியாத மஞ்சள்.
கலப்படம் என்றவன்தான் முதலில் கத்தினான்.

பாடக்குறிப்பேட்டில்
துணைக்கருவிகள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
செல் இரண்டு, பல்பு ஒன்று, ஒயர்.
கொலுசு என்று எழுதவில்லை.

மணி அடித்தது.
எல்லாரும் சத்துணவுக்கு ஓடினார்கள்.
நிதர்சனா மேஜையில் கன்னம் ஒட்டக் குனிந்து
எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.
விரலை நாக்கில் நனைத்து ஒற்றி எடுத்து
கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து
அதில் வைத்து மடித்தாள்,
அந்த எள்ளில் பாதியை.

'எடையில வருமா டீச்சர்?'