முப்பத்து மூன்று மில்லி நொடி

திங்கள்சந்தையில் ரப்பர் ஷீட் குடோனுக்கு மேலே
எங்கள் கடல் இருக்கிறது.
இரும்புப் படி ஏறி வரவேண்டும்.
புளித்த ரப்பர் பால் வாடை அலைகளுக்கு ஒத்துவராது,
வாடகை ஒத்துவந்தது.

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே
பதினேழு சாயங்காலம் பாறைமேல் உட்கார்ந்து
நான் பார்த்தெடுத்த தண்ணீர் அது.
மோதிய நுரை பின்வாங்கும்போது
விளிம்பில் மட்டும் ஒரு பச்சை,
உடைந்த சோடா பாட்டிலின் உள்பச்சை,
அரை நொடி நிற்கும்.
அந்த அரை நொடிக்கு ஒரு மாதம் ஆனது.
சுபிஜாவின் கணினியில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

டெல்டினின் போனில் ஓடவில்லை.

டெல்டின் முட்டத்தில் வள்ளத்துக்குப் போகிறவன்.
போனின் வலது மூலையில் விரிசல்,
இரண்டு ஜிபி, அதில் பாதி
யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள்.
மீதியில் எங்கள் கடலை ஏற்றினோம்.
அலை எழும்பியது.
எழும்பி, யோசித்தது.
யோசித்து, பாறையில் மோதாமலே
பாறைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.
“எனக்க போன் சுடுது மக்கா,
சாளை பொரிக்கலாம் இதுல” என்றான்.

நொடிக்கு முப்பது படம் என்றால்
ஒரு படத்துக்கு முப்பத்து மூன்று மில்லி நொடி.
அதற்குள் எல்லோரும் சாப்பிட்டு எழும்பணும் என்றாள் சுபிஜா,
கல்யாணப் பந்தி மாதிரி.
வள்ளத்துக்கு நாலு, வானத்துக்கு இரண்டு,
மீன்கள் வழி யோசிக்க ஆறு, சத்தத்துக்கு ஒன்று.
உன் தண்ணி மட்டும் இருபத்தெட்டு தின்னுது.
இலை போட்ட இடத்துலேயே படுத்துட்டு.

முதலில் நிழல்களைக் கொடுத்தேன்.
அப்புறம் நிலா தண்ணீரில் விழுவதை.
தூரத்துத் தென்னைகளை அட்டையாக்கினோம்,
எங்கே நின்று பார்த்தாலும்
உன் முகத்தையே பார்த்துத் திரும்பும் அட்டைகள்,
பக்கவாட்டே இல்லாத மரங்கள்.
முட்டத்தில் ஏது மூடுபனி என்று
நானே கேட்டேன், நானே போட்டேன்.
பனிக்குப் பின்னால் வேளிமலை கிடையாது,
கோயில் கொடிமரம் கிடையாது, குரிசடி கிடையாது,
வெறும் சாம்பல் நிறம்.
யாரும் அங்கே போய்த் தட்டிப் பார்க்கப் போவதில்லை.

பச்சையை மட்டும் தரமாட்டேன் என்றேன்.

ஒரு ராத்திரி நான் கடைசி பஸ்ஸுக்கு இறங்கியபின்
அவள் என் கோப்பைத் திறந்தாள்.
அறுபத்து நாலாயிரம் முக்கோணம்
காலையில் தொள்ளாயிரமாகக் கிடந்தது.
மூன்று நாள் பேசவில்லை.
ஒரே பிளாஸ்க் சாயாவை
வேறு வேறு நேரத்தில் குடித்தோம்.

நாலாம் நாள் டெல்டின் வந்தான்.
அடுக்கிவைத்த ஷீட் மேல் சாய்ந்து
நாற்பது நிமிஷம் விளையாடினான்.
போன் சுடவில்லை. எண் முப்பதிலேயே நின்றது.
நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
பச்சை எங்கலே என்று கேட்பான்,
கேட்டதும் அவளைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று.
கேட்கவில்லை.
திரையில் வள்ளம் இடப்பக்கம் சரிந்தபோது
அவன் தோள் வலப்பக்கம் போனது,
தன்பாட்டுக்கு.
என் அறுபத்து நாலாயிரம்
ஒரு விரலைக்கூட அசைத்ததில்லை.

“கொள்ளாம்” என்றான் போனை வைத்துவிட்டு.
“எஞ்சினுக்க சத்தம்தான் பைய பிந்தி வருது.
வள்ளம் போன பொறவு கேக்குது.”

அவன் படியிறங்கியபின்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சுபிஜா சொன்னாள்:
“ரெண்டு மில்லி நொடி மிச்சம் கிடக்கு.
வேணுமா?”

இரண்டில் என்ன வரும்.
ஒரு பாறை வரும்.
அதன் தெற்கு விளிம்பு ஒரு சாண் வரும்.
வரைபடத்தின் கடைசி மூலையில் வைத்தேன்.
அங்கே மீன் கிடையாது, காசு கிடையாது,
யாரும் வள்ளத்தைத் திருப்ப ஒரு காரணமும் கிடையாது.
நுரை பின்வாங்கும்போது
அரை நொடி.

வைத்ததை அவளிடம் சொல்லவில்லை.
எண் ஒருமுறை இருபத்தொன்பதுக்கு இறங்கி ஏறியதை
அவளும் சொல்லவில்லை.

எஞ்சின் சத்தம் இன்னும் பிந்தித்தான் வருகிறது.
நாளைக்குப் பார்க்கவேண்டும்.