கில்டோரனின் பதினாறாவது குழி

ஐந்து பேர் போயிருந்தோம். நான் குறிப்பெழுத.
கில்டோரன், ஸ்காட்லாந்தின் மேற்கு விளிம்பு;
மழை பக்கவாட்டில் பெய்கிற கோல்ஃப் திடல்.

தலைவர் ருவாரி புல்லைப் பார்க்கவில்லை.
கட்டில்களை எண்ணினார்.
விடுதி மூன்று, கட்டில் நாற்பத்தொன்று,
வரப்போகிறவர்களோ இரண்டு லட்சம்.
எதிரே லாரி வந்தால்
வேலியோரம் ஒதுங்கி மூச்சடக்க வேண்டிய சாலை.
தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு இடம்?
அங்கே ஆடுகள் படுத்திருந்தன.

திடலைப் பராமரிக்கும் எஃபி மக்காஸ்கில்
எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.
பதினாறாவது குழியில் மட்டும்
கடல் பக்கமாகவே நடந்தாள்,
கைகளை அகல விரித்துப் பேசினாள்:
"அடித்த பந்தைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து
அடித்தவன் காலடியிலேயே வைத்ததுண்டு."
சிரித்தோம். ருவாரிகூட.

ஏப்ரலில் முடிவாயிற்று.
பத்தாண்டு கழித்து நடக்கப்போகும் போட்டி
நாலுவழிச் சாலையுள்ள ஊருக்குப் போனது.
கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்:
திடல் அருமை, ஆனால்.
ஆனாலுக்கு முன்னால் இருப்பதை
யாரும் படிப்பதில்லை.

பதில் ஒரு தபாலட்டையில் வந்தது.
"சாலையை அகலப்படுத்திவிடலாம்.
போன குளிர்காலத்தில் பதினாறாவதில்
பதினோரு அடியைக் கடல் கொண்டது.
எட்டிப் பார்த்துவிடுவீர்களோ என்றுதான்
குறுக்கே குறுக்கே வந்தேன்.
பத்து வருஷமெல்லாம் அது காத்திருக்காது.
சும்மா ஆட வாருங்கள்."

ருவாரி இரண்டு முறை படித்தார்.
கோப்பில் வைக்கச் சொல்லவில்லை.
ஜூன் மாதம், கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்,
அந்த நாற்பத்தொன்றில்
ஒரு கட்டில் காலியிருக்குமா என்று.