மஞ்சள் விளக்கு

குழு அறையில் என் வேலை
மூன்று பொத்தான்கள்.
பச்சை, பேசலாம்.
மஞ்சள், முப்பது நொடி மிச்சம்.
சிவப்பு, நன்றி, அடுத்தவர்.

வெளியே பிப்ரவரிக் காற்று
கொடிக்கம்பத்தைக் கயிற்றால்
அடித்துக்கொண்டே இருக்கிறது.
இன்றைக்கு மசோதா எண்பது:
காப்பீட்டுக்கான வருமான வரம்பைச் சற்று உயர்த்தி
இன்னும் பத்தொன்பதாயிரம் பேரை
உள்ளே விடுவதா வேண்டாமா.

முதலில் ட்வைட் ஆஸ்ட்ராண்டர்.
சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டுகிறார்.
தனக்கும் சர்க்கரைதான் என்றார்,
இரண்டு பேர் சிரித்தார்கள், அவரும்.
"இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்கிறேன்.
சம்பள வெள்ளிக்கிழமை மட்டும் முழுசாக."
நாற்பது நொடியை மிச்சம் வைத்துவிட்டு
உட்கார்ந்துவிட்டார்.
அதை நான் யார் கணக்கில் வரவு வைப்பது?

பிறகு லவோன் டஃபோயா, உணவகப் பணிப்பெண்.
யாரோ விடுப்பு எடுத்த ஞாயிற்றுக்கிழமை
கூடுதலாக ஒரு ஷிஃப்ட் பார்த்தாளாம்.
வரம்பைத் தாண்டியது பதினோரு டாலர்.
பந்தியில் உட்காரவைத்து
இலையை உருவிக்கொண்ட கதை.
ஊருக்கெல்லாம் பரிமாறுகிறவளுக்கு.

"எல்லாம் சரி, செலவு யார் தலையில்?"
செனட்டர் ஸ்டென்ஸ்ரூட் கேட்டார்.
கெட்டவர் இல்லை.
போன வாரம் பனியில் புதைந்த என் காரை
தன் வண்டியில் சங்கிலி கட்டி
இழுத்துவிட்டவர் அவர்தான்.
கைகளெல்லாம் கன்று ஈனும் காலத்து வெடிப்பு.
கேள்வியும் தப்பில்லை.
பதில் சொல்ல வந்த ஆஸ்பத்திரிக்காரர்
பிரசவ வார்டை மூடிய தேதியைச் சொல்லும்போது
மஞ்சள் எரிந்தது.

முப்பத்தெட்டாவதாக எட்னா ப்ரூயெட்.
கையில் தடித்த பில் கட்டு,
ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட உறைகள்.
மைக்கைப் பிடித்தாள்.
பேசவில்லை.
பச்சை போனது. மஞ்சள் வந்தது.
யாரோ இருமினார்கள்.
உறைகளை ஒரு முறை தட்டி
ஓரங்களைச் சமமாக்கினாள்.

என் விரல் சிவப்பின் மேல்.
அழுத்தவில்லை.
"மிஸ் கெஸ்லர், விளக்கு?" என்றார் தலைவர்.
பொத்தான் ஒட்டிக்கொண்டது என்றேன்.
ஒன்பது வருஷ வேலையில்
பதிவேட்டில் ஏறிய என் முதல் பொய்.

ஐந்துக்கு நான்கு. தோற்றது.
ஸ்டென்ஸ்ரூட் கையைத் தூக்கும்போது
மேசையைப் பார்த்தார்.

சாட்சியப் பட்டியலை நான்தான் எழுத வேண்டும்.
ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு மூன்று.
பேசாமல் நின்றவளுக்குப் பத்தி இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
ப்ரூயெட், மூன்று நிமிடம் பத்து நொடி.

பூட்டிவிட்டு வெளியே வந்தேன்.
கூட்டத்தொடருக்கு மட்டும் எடுக்கிற
நாற்பது நாள் ஊழியர் நாங்கள்,
எங்களுக்கும் காப்பீடு கிடையாது.
இதைச் சொல்ல எனக்கு மைக் பக்கம் போகக்கூடாது.
விதி ஏழு.

கார் சூடாக இரண்டு நிமிஷம் பிடிக்கும்.
கிராம்பு எண்ணெய் நனைத்த பஞ்சை
இடது கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
கண்ணாடிப் பனி
அடியிலிருந்து மெதுவாக இளகுகிறது.