வெறும் லாரியின் எடை

லாபிஸ் டவுனில் அடகுக்கடைக்குப் பக்கத்து
போன் கடை ஆ ஹெங்கிடம்
எண்பது வெள்ளிக்கு வாங்கினேன்.
பதினோரு அங்குலத் திரை. இரண்டு ஜிபி ரேம்.
எஸ் பட்டன் இருந்த இடத்தில் வெறும் ரப்பர் மொட்டு.
"திறக்கும் லா" என்றான்.
திறந்தது.

சோற்றுக் குக்கரைத் தட்டிவிட்டு
இதன் பட்டனை அழுத்தினால்
குக்கர் டிக்கென்று அணையும்போது முகப்பு வரும்.
அதற்கப்புறமும் அந்த வட்டம் சுற்றும்.
செக்குமாடு என்று சொல்லலாம்; செக்கை நான் பார்த்ததில்லை.
ஆலை வாசலில் எந்தப் பக்கம் கொட்டுவதென்று தெரியாமல்
வளைய வரும் புது டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எடை தெரியும்.
செம்பனை ஆலை எடைப்பாலத்தில்
கண்ணாடி அறைக்குள் ஒன்பது வருஷம்.
குலையோடு வரும் லாரியை நிறுப்போம்.
கொட்டிவிட்டுத் திரும்புகையில் மறுபடி நிறுப்போம்.
கழித்தால் வருவதுதான் காசு.
லாரியின் சொந்த எடைக்கு
யாரும் ஒரு சென் தருவதில்லை.

அதே மாதிரி இதையும் நிறுத்துப் பார்த்தேன்.
எதையும் திறக்காமல், சும்மா இருக்கையில்
எவ்வளவு தின்கிறது?
ஒன்று புள்ளி ஏழு.
இரண்டு தாங்கும் பாலத்தில்
வண்டியே ஒன்றே முக்கால் என்றால்
குலையை எங்கே வைப்பது?

பாய்லர் பிரிவு தவநேசன் ஒரு பென்டிரைவ் கொடுத்தான்.
"மூணு லினக்ஸ் இருக்கு அக்கா.
உடனே அழிச்சிடாதீங்க, ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

ஞாயிறு. மழை.
முதலாவது அழகி.
ஜன்னல்கள் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கின,
பின்னால் எந்த நாட்டுப் பனிமலையோ.
ஒன்று புள்ளி ஒன்று.
பாலத்தை விட்டு இறங்கு தாயே.

நாய்க்குட்டிப் பெயர் வைத்த இரண்டாவது
இருநூறு எம்பிகூட இல்லை.
தொட்டதும் துள்ளி வந்தது.
இரைந்துகொண்டே இருந்த மின்விசிறி
முதல்முறையாக வாய் மூடியது.
இதுதான் என்று பாதி முடிவு செய்துவிட்டு
என் குறிப்புக் கோப்பைத் திறந்தேன்.

சதுரம். சதுரம். சதுரம்.
பக்கம் முழுக்க ஆளில்லாத வரிசை வீடுகள்.
எழுத்துரு ஒன்றை இறக்கிப் போட்டேன்.
எழுத்து வந்தது; கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
வேலப்பன் யாரோவாகியிருந்தார்.

மூன்றாவது, எலிப் படம் போட்டது.
நானூற்று எண்பது.
முகத்தில் பூச்சில்லை, பேச்சிலும் அவசரமில்லை.
கோப்பைத் திறந்தேன்.
வேலப்பன் இருந்தார். பாக் சமாட் இருந்தார்.
'ஈரக்குலை என்று மூன்று விழுக்காடு வெட்டு,
அன்று வெயில்'
என்று நான் எழுதியதும் இருந்தது, தேதியோடு.

இருநூறுக்கும் நானூற்று எண்பதுக்கும் நடுவில்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
தார்ப்பாயும் ஜாக்கியும் ஸ்பேர் டயரும்
வெறும் லாரியின் எடையில்தான் சேரும்.
அவற்றை வீட்டில் இறக்கிவிட்டு ஓட்டும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன்.
சிகாமட் சாலை ஓரத்தில்
நின்றுபோன லாரிக்குக் கீழே
அவர்கள் கால்களையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று எலி கேட்டது.
ஆம்.

ஆபீஸ் கணினியில் இருப்பது ஆபீஸ் கணக்கு.
இதில் இருப்பது கண்ணாடி வழியே நான் பார்த்தது.
எதற்கு என்று தவநேசன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

திங்கள் காலை, முதல் லாரி வருமுன்
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
பாலத்தின் நடுவில் போய் நின்றேன்.
உள்ளேயிருந்து காக் ரோஸ்னி சிரித்தபடி
எண்ணைக் கத்தினார்: அறுபது.
பையை ஓரமாய் வைத்துவிட்டு மறுபடி நின்றேன்.
அறுபது.

பத்துக் கிலோவுக்குக் கீழே
அந்தப் பாலத்துக்கு எதுவும் தெரியாது.